பினாங்குக்கு வருகிறவர்களுக்கு, என் ஓரகத்தி நீங்கலாக

எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே கேள்விதான். பினாங்குக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, மலைமேல் ஏறுகிற அந்த ரயில் எங்கே இருக்கிறது? திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, தஞ்சாவூர் என்று இருக்கிற அத்தனை சொந்தக்காரர்களும் பெட்டி கட்டத் தயாராகிவிட்டார்கள். நான் இந்தத் தீவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த ரயிலை எத்தனையோ தடவை படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். ஒருத்தர்கூட என்ன ஏது என்று கேட்டதில்லை. என் ஓரகத்தி கலா வந்தாள், பத்து நாள் இருந்தாள், கையில் இளநீரோடு நாலு படம் போட்டாள். ஊரே கிளம்பிவிட்டது.

கலா என் கொழுந்தனாரின் மனைவி. ஒரே வீட்டுக்கு நான் மூத்த மருமகள், அவள் இளைய மருமகள். நான் திருக்காட்டுப்பள்ளியிலேயே பிறந்து, திருக்காட்டுப்பள்ளியிலேயே வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான சில மாதத்திலேயே கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்துவிட்டோம். கலா திருவையாற்றுப் பெண். அவள் வந்த நாளிலிருந்து என் ஊரில்தான் இருக்கிறாள். வயலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு, பெண்களுக்குத் தையல் வகுப்பும் நடத்துகிறாள். வெளிநாட்டில் இருப்பவள் நான் என்பதால் பொறாமை அவளுக்குத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொறாமை எனக்கு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதியில் ஒளிக்க வேண்டியதில்லை.

இனி நீங்கள் கேட்ட தகவல்களைச் சொல்கிறேன். நடுநடுவே அவள் வருவாள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

1. கிளம்பும் முன்

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரே விமானம் இருக்கிறது. அங்கிருந்து பினாங்குக்கு இன்னொரு விமானத்திலும் வரலாம், பஸ்ஸிலும் வரலாம். பஸ்ஸில் வந்தால் கடல்மேல் கட்டிய நீளமான பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைவீர்கள், ஜன்னலோரம் உட்காருங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருஷம் போய்வந்த மாமா சொன்னதை நம்பாமல், கிளம்புகிற சமயத்தில் விசாரியுங்கள். வந்து இறங்கும் முன் இணையத்தில் ஒரு வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். கடவுச்சீட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அப்பா பெயரை எங்கே போடுவது என்பதில் நம் ஆட்களுக்கு எப்போதும் குழப்பம். நான் வந்த புதிதில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டேன். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் என்னை மிஸ் கோவிந்தசாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் எழுந்து போகிறேன்.

இங்கே பிளக்குக்கு மூன்று தட்டைக் கால்கள். நம் உருண்டைக் கால் நுழையாது, மாற்றுப் பிளக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செடி, விதை, மண் இதெல்லாம் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பொடியும் ஊறுகாயும் நன்றாக மூடிக் கொண்டுவரலாம். கலா எனக்காக நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள். அதை முதலில் விரலால் தொட்டு நக்கியது என் மகள் யாழினி. அவள் இங்கேயே பிறந்தவள், இங்கேயே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் போடும் ஊறுகாயை உப்பு என்று ஒதுக்குகிறவள். அன்று கலாவின் ஊறுகாயை மட்டும் வைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டு முடித்தாள். நான் செய்திருந்த மூன்று கறியும் அப்படியே இருந்தன.

எல்லாவற்றையும்விட முக்கியம், டிக்கெட் எடுக்கும் முன் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். கலாவுக்கும் கொழுந்தனாருக்கும் டிக்கெட் எடுத்தது என் கணவர். விலை எங்கே குறைவாக இருந்ததோ அந்தத் தேதிக்கு எடுத்தார். கொழுந்தனாரும் சரி என்றார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அது ஆடி மாதம் என்பது தோன்றவில்லை. கலாவுக்கும் விமானத்தில் போகிற பரபரப்பில் எல்லாம் மறந்துபோனது. வந்த மறுநாள் காலை என் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டே சுவரில் தொங்கிய காலண்டர் தாளைப் புரட்டினாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“அக்கா, பதினெட்டாம் பெருக்கு எங்க வருது பாருங்க. நாங்க ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடியே வந்துடுது!”

காவிரிக்கரைக்காரிகளுக்கு ஆடிப்பதினெட்டு என்றால் தெரியும். ஆற்றில் புதுத்தண்ணீர் ஓடும். கரையில் படையல் போட்டு, வெல்லம் கலந்த காப்பரிசி வைத்துக் கும்பிட்டு, மூத்த பெண்கள் இளையவர்களுக்கு மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். அன்றைக்கு ஊரில் இல்லாமல் போவது என்பது அவளால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

“கல்யாணமாகி வந்ததுலேருந்து ஒரு வருஷம்கூட நான் ஆத்துக்குப் போவாம இருந்ததில்லக்கா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் வாய் அடடா என்றது. உள்ளுக்குள் ஏலக்காய் போட்ட பாயசம் குடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக நான் அந்த நாளில் தனியாகக் கடற்கரைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷம் இவளும் கடலைப் பார்த்துக் கும்பிடட்டும். “கவலப்படாத கலா, நான் போற எடத்துக்கு உன்னயும் கூட்டிட்டுப் போறேன்” என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

2. சுற்றிப் பார்க்க

ஜார்ஜ் டவுன் நடந்தே பார்க்க வேண்டிய ஊர். காலை வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள். குடை கட்டாயம், வெயிலுக்கும் ஆகும், மத்தியானம் திடீரென்று கொட்டும் மழைக்கும் ஆகும். மசூதி, சீனக் கோயில், மாரியம்மன் கோயில் எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரம்தான். தோளும் முழங்காலும் மூடிய உடை போட்டுக்கொண்டால் எல்லா இடத்துக்கும் போகலாம். பஸ்ஸில் காசாகக் கொடுத்தால் மீதி தரமாட்டார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மலை ரயிலுக்கு வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், சனி ஞாயிறு என்றால் வரிசையில் நின்றே கால் வீங்கிவிடும். அக்கரையிலிருந்து வரும் படகில் ஒரு தடவையாவது ஏறுங்கள். காற்று நன்றாக இருக்கும்.

இதையெல்லாம் நான் கலாவுக்காக நாள் வாரியாக அழகாக டைப் செய்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தேன். நான் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் நேரம் ஒதுக்கி நேரம் ஒதுக்கி எனக்கு அது கைவந்த கலை. கலா அந்தத் தாளின்மேல் ஒரு காந்தப் பொம்மையை வாங்கி ஒட்டினாள். தாளைப் படிக்கவில்லை.

“போற வழியில கேட்டுக்கலாம்க்கா” என்றாள்.

எனக்கு லீவு இரண்டு நாள்தான் கிடைத்தது. யாழினிக்குக் கல்லூரி விடுமுறை, அவள்தான் சித்தியைக் கூட்டிக்கொண்டு சுற்றினாள். கலா மலாயில் ‘தெரிமா காசி’ என்கிற நன்றியை மட்டும் கற்றுக்கொண்டு, அதை மலாய்க்காரர், சீனர், எங்கள் அடுக்குமாடிக் காவலாளியான இராமநாதபுரத்துக்காரர் வரை ஒருவர் விடாமல் சொன்னாள். நாங்கள் குடியிருக்கும் தளத்தில் எதிர் வீட்டுச் சீனப் பாட்டி எனக்கு லிஃப்டில் தலையை மட்டும் ஆட்டுவாள். கலா வந்த மூன்றாம் நாள் அவள் ஒரு கிண்ணம் சூப்போடு எங்கள் வாசலில் நின்றாள். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, அந்தப் பெண் எங்கே என்று கையால் கேட்டாள்.

சூப்பைக்கூட விட்டுவிடலாம். யாழினியை விட முடியவில்லை. அவள் என்னோடு தமிழ் பேசமாட்டாள். சாப்பிட்டியா என்று நான் தமிழில் கேட்டால், அப்புறம் என்று ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் போனைப் பார்த்தபடி. கலாவோடு நாள் முழுக்கத் தமிழ். கூடத்தில் இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, “சித்தி, நேத்து நீங்க வழி கேட்ட அந்த ஆளு இன்னிக்கி மறுபடி பஸ்ல நம்ம கூட இருந்துச்சு” என்று அவள் சொல்வாள். நான் சமையலறையிலிருந்தே, “இருந்தாருன்னு சொல்லணும்” என்பேன். கூடத்தில் பேச்சு நின்றுவிடும். பிறகு மெதுவான குரலில் தொடரும். கலா திருத்துவதே இல்லை. சிரிப்பாள், தானும் அப்படியே பேசிக் காட்டுவாள், இரண்டு பேரும் உருளுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

யாழினியை நான் எத்தனையோ தடவை ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறேன். விவரம் தெரிந்த பிறகு ஒரே தடவைதான் வந்தாள், அதுவும் முழு நேரமும் போனோடு. ஆடிப்பதினெட்டுக்குக் கடற்கரைக்குக் கூப்பிட்டால், வகுப்பு இருக்கிறது என்பாள். வகுப்பு இல்லாத வருஷம் தூக்கம் இருக்கும். அவள் என் பக்கம் திரும்பமாட்டாள் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு, அவளுக்குத் திரும்பத் தெரியும் என்று இப்போது தெரிகிறது. கலா பக்கம். பெற்று வளர்த்தவள் நான் இருக்க, பத்து நாள் விருந்தாளி என் பெண்ணைக் கொத்திக்கொண்டு போய்விடுவாள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

3. சாப்பாடு

நாசி கண்டார் என்று ஒரு சோறு இங்கே புகழ்பெற்றது. வெள்ளைச் சோற்றின்மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றித் தருவார்கள். தமிழ் முஸ்லிம்கள் ஆரம்பித்தது. காரம் நமக்குத் தாங்கும், எண்ணெய்தான் கொஞ்சம் அதிகம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாகக் கடைகள் இருக்கின்றன, பயப்பட வேண்டாம். தேநீரில் சர்க்கரை குறைவு என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரரின் பூர்வீகம் அதிராம்பட்டினம் என்று எனக்கு எப்போதோ தெரியும். கேட்டேன், சொன்னார், அதோடு சரி. இத்தனை வருஷமாக என்னை அவர் மேடம் என்று கூப்பிடுகிறார். கலா போய்த் தட்டை நீட்டியதுமே, “பாய், உங்களுக்கு எந்த ஊரு?” என்றாள்.

“எங்க வாப்பாவுக்கு அதிராம்பட்டினம்மா. நான் இங்கயே பொறந்தவன்.”

“அதிராம்பட்டினமா! எங்க சின்னம்மாவப் பட்டுக்கோட்டையிலதான குடுத்திருக்கு!”

அவ்வளவுதான். அவர் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். பட்டுக்கோட்டையில் எந்தத் தெரு, அங்கே மழை உண்டா, மீன் என்ன விலை என்று பேச்சு ஓடியது. “தங்கச்சி, இது வெச்சிக்கங்க” என்று அவள் தட்டில் பொரித்த மீன் ஒன்று கூடுதலாக விழுந்தது. என் தட்டைப் பார்த்து, “மேடத்துக்கு என்ன கறி?” என்றார்.

டுரியான் பழத்துக்கு இதுதான் காலம். ஓட்டல் அறைக்குள் கொண்டுபோனால் அபராதம் போடுவார்கள், கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அந்த வாடையைப் பொறுத்துக்கொள்ளவே எனக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் வீட்டுக்குள் விடுவதில்லை. யாழினிக்கு அது உயிர், வெளியே தின்றுவிட்டு வருவாள். கலா எப்படியும் மூக்கைப் பொத்துவாள் என்று ஆசையோடு கூட்டிப் போனேன். ஒரு சுளையை வாயில் போட்டாள். “பலாப்பழத்தயும் வெங்காயத்தயும் சேத்துத் தின்ன மாதிரி இருக்கு. நல்லாத்தானக்கா இருக்கு” என்று அடுத்த சுளையை எடுத்தாள். யாழினி அவளைக் கட்டிக்கொண்டாள். அன்று மாலை என் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு டப்பா டுரியான் ஏறியது. நான் தடுக்கவில்லை. தடுத்தால் யார் கெட்டவள் ஆவாள் என்று எனக்குத் தெரியும்.

4. ஓடுகிற தண்ணீர்

ஆடிப்பதினெட்டு அன்று நான் விடியலிலேயே எழுந்து எல்லாம் தயார் செய்தேன். காப்பரிசி, மாம்பழம், மஞ்சள், வெற்றிலை, குட்டி இந்தியாக் கடைத்தெருவில் வாங்கிய மஞ்சள் கயிறு. முன்பு ஊரிலிருந்து கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்த காதோலை கருகமணி. இது என் நாள். எந்தக் கடற்கரையில் கூட்டம் இருக்காது, எந்தப் பாறைக்குப் பக்கத்தில் காற்றில் விளக்கு அணையாது என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். கலா தலைகுளித்துப் புடவை கட்டிக்கொண்டு வந்து கூடையைப் பார்த்தாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஓடற தண்ணியாப் பாத்து வெப்பமே. கடல் எங்க ஓடுது? நின்ன எடத்துலயேதான் குதிக்குது.”

“இங்க ஆறெல்லாம் நம்ம ஊரு மாதிரி இருக்காது கலா. டவுனுக்குள்ள ஓடறதெல்லாம் சாக்கடை.”

“சித்தி, பாலிக் புலாவ்ல வயல் இருக்கு” என்றாள் யாழினி. அவளும் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் நின்றுகொண்டிருந்தாள். “என் ஃப்ரெண்ட் வீடு அங்கதான். வயல் நடுவுல தண்ணி ஓடும். நான் போன் பண்ணிக் கேக்கறேன்.”

பாலிக் புலாவ் தீவின் மேற்குப் பக்கம், மலையைச் சுற்றிப் போக வேண்டும். நெல்வயல் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் வாடகை சைக்கிளில் போய்ப் படம் எடுத்துக்கொள்கிற இடம், நீங்களும் போகலாம். ஆனால் என் மகளுக்கு அங்கே ஒரு வீடு தெரியும், ஒரு வாய்க்கால் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. காரில் நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் யாழினி, கலாவின் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். இவர் வண்டி ஓட்டினார், கொழுந்தனார் வழியெல்லாம் மரங்களின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார். கூடை என் மடியில் இருந்தது.

சிமெண்டுக் கரை போட்ட வாய்க்கால். இரண்டு பக்கமும் இளம்பயிர். சிநேகிதியின் அம்மா முக்காடு போட்ட மலாய்ப் பெண்மணி, வாசலிலேயே காத்திருந்தார். நாங்கள் காகிதத் தட்டை எடுப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், கொல்லையிலிருந்து வாழை இலை அறுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கலா தெரிமா காசி சொன்னாள். இந்தத் தடவை அது சரியான இடத்தில் விழுந்தது. கரையில் மண்டி போட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, இலையில் படையலைப் பரப்பினாள். நான் விளக்கை ஏற்றினேன். தண்ணீர் மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் ஓடியது.

இது என்ன சடங்கு என்று அந்த அம்மா யாழினியிடம் கேட்டார். யாழினி மலாயில் பதில் சொன்னாள். எங்கள் ஊரில் ஒரு ஆறு இருக்கிறது, அது என் அம்மாவின் ஆறு, வருஷத்தில் ஒரு நாள் அதற்குச் சோறு போடுவார்கள், அம்மா இங்கே இருப்பதால் அவர் மட்டும் தூரத்திலிருந்து போடுகிறார் என்றாள். என் அம்மாவின் ஆறு. நான் திரும்பவில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் என்ன சொன்னாள் என்று கலா என்னைக் கேட்டாள். சும்மா ஏதோ பேசுகிறாள் என்று சொல்லிவிட்டேன். அதை மொழிபெயர்த்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பிறகு கயிறு. வழக்கம்போல் ஒரு கயிற்றை எடுத்து இடது மணிக்கட்டில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து முடிச்சைப் போடப் போனேன்.

“அக்கா! என்ன பண்றீங்க?”

“கயிறு கட்டிக்கிறேன்.”

“நீங்களேவா? பல்லால கடிச்சிக்கிட்டா?”

“எனக்கு இங்க வேற யாரு கட்டுவா? ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான்.”

யாழினி என் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். கலா தன் கையை என் முன்னால் நீட்டினாள்.

“உங்களுக்கு நான் கட்டக் கூடாதுக்கா, நீங்க மூத்தவங்க. நீங்கதான் எனக்குக் கட்டணும். கட்டுங்க. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட உங்க கையால எனக்குக் கட்டினதில்ல.”

கட்டினேன். முடிச்சுப் போடும்போது அவள் குனிந்துகொண்டே சொன்னாள், “படித்துறையில ஒவ்வொரு வருஷமும் என்ன நடக்கும் தெரியுமா? பக்கத்து வீட்டம்மாதான் எனக்குக் கட்டிவிடுவாங்க. கட்டும்போதே, ‘சாந்தி இருந்தா அது கட்டும், சாந்தி எப்ப வருது’ம்பாங்க. சுத்தி நிக்கறவங்க எல்லாம் உங்களப் பத்தியே பேசுவாங்க. நான் எதிர்லயே நிப்பேன், நான் யாரு கண்ணுலயும் படமாட்டேன். அந்த ஊர்ல இத்தன வருஷமா குப்ப கொட்டறது நானு, பேரு உங்களுக்கு. பத்திக்கிட்டு வரும்க்கா எனக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷமும் வந்தது, மறைக்கமாட்டேன். என்னைப் பார்த்தும் ஒருத்திக்கு எரிகிறது, அதுவும் இவளுக்கு.

யாழினிக்குக் கலா கட்டவில்லை. “அம்மாகிட்ட கட்டிக்க” என்று என் பக்கம் தள்ளினாள். கட்டினேன். அவள் கை இவ்வளவு பெரிதாக வளர்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். என் கயிறு மட்டும் பாதி முடிச்சோடு தொங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, நான் கட்டவா?”

“சின்னவங்க பெரியவங்களுக்குக் கட்டக் கூடாதும்மா.”

“பொண்ணு அம்மாவுக்குக் கட்டலாம்க்கா. அதுல தப்பில்ல” என்றாள் கலா, கண்ணை இமைக்காமல்.

அப்படி ஒரு வழக்கம் எந்தப் படித்துறையிலும் கிடையாது. அங்கேயே நின்று அப்போதே உண்டாக்கியது. நான் கையை நீட்டினேன். யாழினி என் கையைப் பிடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஷூ கயிறு கட்டுவதுபோல் இரண்டு காது வைத்து முடிச்சுப் போட்டாள். மஞ்சள் கயிற்றில் அப்படி யாரும் முடிச்சுப் போடமாட்டார்கள். நான் திருத்தவில்லை.

5. திரும்பும்போது

ஜாதிக்காய் மிட்டாய், வெள்ளைக் காப்பிப் பொடி, பயறு வைத்துச் செய்கிற சின்னச் சின்னச் சீன ரொட்டி, தலைவலித் தைலம். ஊரில் கொடுக்க இவை போதும். டுரியானை விமானத்தில் விடமாட்டார்கள். பெட்டியின் எடையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு புடவையை வெளியே எடுக்கிற காட்சி எல்லோருக்கும் முன்னால் நடக்கும்.

வாய்க்காலிலிருந்து திரும்புகிற வழியிலேயே யாழினி ஆரம்பித்துவிட்டாள். “அம்மா, இந்த லீவுலயே நான் சித்தி ஊருக்குப் போகட்டா?”

சித்தி ஊர். நான் பிறந்து, நீச்சல் கற்று, பள்ளிக்கூடம் போன ஊர். திருவையாற்றிலிருந்து வந்தவளின் ஊராகிவிட்டது. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். நான் கூப்பிட்டபோதெல்லாம் வராதவள், இப்போது நான் இல்லாமல் போகிறேன் என்கிறாள். முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சோப்பு நுரைக்குள் அந்த இரண்டு காது முடிச்சு நனைந்து தொங்கியது. அவிழ்ந்துவிடுமோ என்று கையை வெளியே எடுத்துவிட்டேன். அன்று இரவு சாப்பிடும்போது, சரி போய்விட்டு வா என்றேன். கலா என் முகத்தைப் பார்க்காமல் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள்.

யாழினிக்கு இந்த நாட்டுக் கடவுச்சீட்டு. அதனால் திருக்காட்டுப்பள்ளிக்குப் போக அவளுக்கு இந்திய விசா வேண்டும். வெள்ளைப் பின்னணியில் படம் எடுத்து, அப்பா பிறந்த ஊர், அம்மா பிறந்த ஊர் இரண்டிலும் திருக்காட்டுப்பள்ளி என்று நிரப்பி, எதற்காகப் போகிறாய் என்ற இடத்தில் சுற்றுலா என்று போட்டோம். வேறு எதைப் போடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கலாவும் கொழுந்தனாரும் முன்னால் போய்விட்டார்கள். விசா வந்த பிறகு அவள் தனியாகக் கிளம்பினாள். விமான நிலையத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்றேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை, நான் வேலையில் இருக்கும்போது வீடியோவில் அழைத்தாள். பல் வலியோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொறுக்கச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். படித்துறை, வெயில், நிறைய தண்ணீர். ஏழெட்டுப் பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்படியே சாந்திதான். நடையப் பாரேன், சாந்தியே எறங்கி வர்ற மாதிரி இருக்கு” என்றாள். இன்னொருத்தி, “சாந்தி எப்ப வருதாம்?” என்று கேட்டாள். யாழினி திரையில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, “அம்மா, இங்க எல்லாரும் உங்களத்தாம்மா கேக்கறாங்க” என்று தமிழில் கத்தினாள்.

அவளுக்குப் பின்னால், அவள் செருப்பையும் பையையும் கையில் வைத்துக்கொண்டு கலா நின்றாள். அவளை யாரும் பார்க்கவில்லை. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அவள் இங்கே இருந்த பத்து நாளும் என் வீட்டுக் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சித்திகிட்ட போனக் குடு” என்றேன்.

கலா வாங்கினாள்.

“பத்திக்கிட்டு வருதா கலா?”

“வராம என்னக்கா” என்றாள். பிறகு சிரித்தாள். “வந்து தொலைங்க. வந்து நீங்களே பதில் சொல்லுங்க இவங்களுக்கு.”

ஆகவே, பினாங்குக்கு வருகிற சொந்தக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு தகவல். எந்த மாதம் வேண்டுமானாலும் வாருங்கள், வீட்டில் இடம் இருக்கிறது. அடுத்த ஆடியில் மட்டும் வராதீர்கள். வீடு பூட்டியிருக்கும். நான் படித்துறையில் கலாவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பேன்.